கையை எடுத்தால்

விமான நிலையத்தின் வட்டத்தை விட்டு
இருபது கிலோமீட்டர் தள்ளி
ஓட்ஸ் அறுத்த வயல் ஒன்றைக் கேட்டு வாங்கினோம்.
லெய்லியின் நிபந்தனை ஒன்றே ஒன்று:
என் குதிரை நிற்கும் பக்கம் போகாதே.
சரி என்றேன்.
படகுப் பட்டறையில் பதினாறு வருடம் பற்றவைத்தவள் நான்,
நெருப்பு எங்கே போகக்கூடாதென்று
முதலில் கேட்டுக்கொள்வது பழக்கம்.

நவம்பர். ஹீயுமா தீவில்
மூன்று மணிக்கே வெளிச்சம் மூட்டை கட்டும்.

இதுவரை நான் பறக்கவிட்டது
தலையாட்டி பொம்மை.
எவ்வளவு கவிழ்த்தாலும்
கையை எடுத்தால் தானே நிமிரும்.
மேனுவல் அப்படியில்லை.
சாய்த்தால் சாய்ந்தது சாய்ந்ததுதான்.
கையை எடு,
அதே சாய்வில் போய்க்கொண்டேயிருக்கும்,
வேலி தாண்டி, நாணல் தாண்டி, கடலுக்கு,
நீ கடைசியாகச் சொன்னதை
வேதவாக்காக வைத்துக்கொண்டு.

சமையல் மேசையில் சிமுலேட்டர், நாற்பது மணி நேரம்.
பக்கத்தில் பீட்ரூட் சூப் ஆறிப்போகும்.
திரையில் நொறுங்கக் காசில்லை,
தாராளமாக நொறுங்கினேன்.
ஏதோ ஒரு வியாழக்கிழமை
கட்டைவிரலுக்கு விஷயம் பிடிபட்டது.
எனக்கு அது இன்னும் சொல்லவில்லை.

கைடோவின் சுட்டுவிரலில் ஏழு தையல்.
விசிறியைக் கழற்றாமல்
வீட்டுக்குள் பேட்டரி சொருகிய ஞாயிறு அது.
அதனால் விசிறி இல்லாமல்தான் மேசைமேல் சோதனை.
ஓடும்போதே ரிமோட்டை அணைத்துப் பார்த்தோம்:
மோட்டார் நான்கும் நின்றன.
இன்னொரு முறை, என்றான்.
நின்றன.
இன்னொரு முறை.

வயலில்
கண்ணாடியை மாட்டியதும்
எனக்குக் கால் இல்லை, பூட்ஸில் ஏறும் ஈரம் மட்டும் உண்டு.
கைடோ கண்ணாடி இல்லாமல் இடது தோளருகே.
அவன் வேலை வானத்தையும் வயலையும் பார்ப்பது,
என் வேலை அவன் சொன்னதும் கேட்பது.

இடது குச்சிக்கு நடு என்று ஒன்று கிடையாது,
விட்ட உயரத்தை நீயேதான் தாங்கவேண்டும்.
முதல் பேட்டரி முழுக்கக்
கூரை உயரத்தில் தத்தித் தத்தி.
இரண்டாவதில் ஒரு வளைவு,
சாய்த்ததற்குச் சரியாக எதிர்ச் சாய்வு,
மிச்சம் மீதி இல்லாமல் கணக்கு தீர்ந்தது.
மூன்றாவதில்
முப்பது மீட்டருக்கு ஏற்றி
வலது குச்சியை ஓரத்துக்குத் தள்ளினேன்.

வயல் தலைக்கு மேலே போனது.
மேகம் காலடியில்.
வயிறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிரித்தேன்.
அடிவானம் திரும்பி வந்து
நேராக நின்றது,
நான் நிறுத்தியதால் நின்றது.

"ஆள்!"

எங்கே என்று கேட்க வாய் திறந்தது.
இறக்கிவிடலாம், மெதுவாக இறக்கிவிடலாம்
என்றது கட்டைவிரல், கற்றுக்கொண்ட திமிரில்.
சுட்டுவிரல் அதற்குள் சுவிட்சைத் தட்டியிருந்தது.

சத்தம் அறுந்தது.
கண்ணாடிக்குள் வானம், தாள்கட்டை, வானம், தாள்கட்டை,
பிறகு பொரி பொரியாக வெள்ளை.

கழற்றிப் பார்த்தால்
வேலிக்கதவருகே லெய்லி,
கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில்
போகக்கூடாத அந்தக் குதிரை.
"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?
நாங்கள் பார்க்கத்தானே வந்தோம்."

பீப் பீப் என்று முனகும் திசையில்
மூன்று பேரும் ஒரு குதிரையும் தேடினோம்.
விசிறி இரண்டு போயிற்று,
கார்பன் கை ஒன்று முறிந்திருந்தது.
பேட்டரி உப்பவில்லை, சூடில்லை,
இருந்தாலும் அரைமணி நேரம்
வெறும் மண்ணில் தள்ளி வைத்துக் காவலிருந்தோம்.

"விட்டால் தானாக நிமிராதா இது?"
நிமிராது என்றேன்.
லெய்லி குதிரையின் கழுத்தைத் தட்டினாள்.
"இவளும் அப்படித்தான்,
என்னை இரண்டு முறை தள்ளியிருக்கிறாள்."

பையில் மாற்று ட்ரோன் இருந்தது,
முழுச் சார்ஜில் நான்காவது பேட்டரியும்.
வெளிச்சமும் கொஞ்சம் இருந்தது.
என் விரல்கள் நடுங்குவதை
கைடோ பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
தகரப் பெட்டியை மூடினேன்.